பூண்டி ஜலமும் சட்டசபைப் பேச்சும்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் திருவேற்காட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு அங்குள்ள ஜனக் கூட்டத்தைப் பற்றி நாம் வர்ணித்துச் சொல்ல வேண்டியதில்லை. கருமாரியம்மன் சந்நிதியைச் சுற்றிலும் மஞ்சள் புடைவைகளும், வேப்பிலைக் கொத்துகளும், பொங்கல் பானைகளும், புகையும், குழந்தைகளின் அழுகையுமாக ஊரே ஒரு பெரிய கல்யாண வீடு போல் காட்சி அளிக்கும். சற்றுத் தள்ளி வேதபுரீசுவரர் ஆலயத்தில் மட்டும் அமைதி குடிகொண்டிருக்கும். நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்று ஈசனைத் தொழுத ஸ்தலம் என்பது ஐதிகம். ஞானசம்பந்தர் பாடிய பதி. மூர்க்க நாயனார் பிறந்த ஊர். ஊருக்கு அருகில் கூவம் ஓடுகிறது. ஓடுகிறது என்று மரியாதைக்காகச் சொல்லுகிறோம்!

அம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டுமானால் முதலில் ஜலம் வேண்டும். ஆற்றங்கரை ஊரில் ஆற்று ஜலத்தை எடுத்துப் பானையில் வார்க்கத் துணிகிறவர் யாரும் இல்லை. ஆகையால் குடிநீர் லாரி வருகிறது. லாரி வந்ததும் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. குடங்கள் நிற்கும் இடத்தில் மனிதர்கள் நிற்பதும், மனிதர்கள் நிற்கும் இடத்தில் அரசியல் பேச்சு வருவதும் இயற்கைதானே?

அப்படி ஒரு வரிசையில் நாம் கேட்ட சம்பாஷணை இது.

"சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் போய் எவன் என்னத்தைச் சாதித்தான், சொல்லுங்கள் பெரியவரே! பேசுகிறார்கள், கூச்சல் போடுகிறார்கள், வெளியே எழுந்து போகிறார்கள். பேச்சினால் ஒரு குடம் ஜலம் வந்ததுண்டா?" என்றான் ஓர் இளைஞன்.

பெரியவர் சிரித்தார். "வந்ததப்பா! பூண்டி ஏரியைப் பார்த்திருக்கிறாயா?"

"பார்த்திருக்கிறேன், தாத்தா. போன வருஷம்கூடப் போயிருந்தோம்."

"அதற்குப் பெயர் என்ன?"

"பூண்டி ஏரிதான். வேறு என்ன?"

"அங்கே பெயர் எழுதி வைத்திருக்கிறார்களே, வாசிக்கவில்லையா? சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர். அவர் பேசினவர்தான். பேச்சைத் தவிர வேறு சொத்து இல்லாதவர்."

"யார் தாத்தா அவர்?"

இதற்குள் பெரியவருடைய குடம் நிரம்பிவிட்டது. குடம் நிரம்பிய பிறகு எவரும் சரித்திரம் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. அவர் போய்விட்டார். பாக்கிக் கதையைச் சொல்லும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

* * *

புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் 1887-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 19-ஆம் தேதி ஸ்ரீ சத்தியமூர்த்தி பிறந்தார். தந்தை சுந்தர சாஸ்திரிகள் வக்கீல் தொழில் செய்தவர். பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். புதுக்கோட்டை மகாராஜா கலாசாலையிலும், பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும், சட்டக் கலாசாலையிலும் படித்துத் தேறி, சத்தியமூர்த்தியும் வக்கீலானார். ஆனால் கட்சிக்காரர்களுக்காக வாதாடியதைக் காட்டிலும் தேசத்துக்காக வாதாடியதே அதிகம். 1919-இல் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தைப் பற்றி எடுத்துரைக்கக் காங்கிரஸ் தூது கோஷ்டி சீமைக்குச் சென்றபோது அவரும் அதில் ஒருவர். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

அவர் திரும்பி வந்த சிறிது காலத்திற்கெல்லாம் தேசத்தில் ஒத்துழையாமைப் புயல் அடித்தது. சட்டசபைகளை விட்டு விலகுவதே தர்மம் என்றார் மகாத்மா. மகாத்மாவின் வாக்கை மீறி ஒரு கட்சியைச் சொல்வது அந்நாளில் லேசான காரியமா? ஆயினும் தேசபந்து தாஸும் பண்டித மோதிலால் நேருவும் 1923-இல் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கி, சட்டசபைக்குள் புகுந்தே சர்க்காருடன் போரிட வேண்டும் என்று கிளம்பினார்கள். தமிழ்நாட்டில் அந்தக் கொள்கைக்கு வாயும் நாவுமாக விளங்கியவர் சத்தியமூர்த்தி. இந்தப் பக்கத்தில் இவர், அந்தப் பக்கத்தில் மாறுதல் வேண்டாதார் கட்சியின் தூணாக ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார். இருவருக்கும் அன்று ஏற்பட்ட அபிப்பிராய பேதம் பின்னால் என்னென்ன விளைவுகளுக்குக் காரணமாயிற்று என்பதைக் கீழே காணலாம்.

சட்டசபையை விட்டு விலகினால் அங்கே நடப்பதைக் கேட்பார் யார்? வரி போடுகிறவன் போட்டுக்கொண்டே இருப்பான். அடக்குமுறைச் சட்டம் செய்கிறவன் செய்துகொண்டே இருப்பான். எதிர்த்துப் பேச ஒரு குரல்கூட இராது. சத்தியமூர்த்தியின் வாதம் இதுதான். 1923-இல் சென்னைச் சட்டசபைக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930 வரையில் அங்கிருந்தார். சபை கூடிய இடம் செயிண்ட் ஜார்ஜ் கோட்டை. திருவேற்காட்டைத் தாண்டிப் போகும் கூவம் நதி அந்தக் கோட்டைக்கு அருகில்தான் கடலில் கலக்கிறது என்பது நேயர்களுக்குத் தெரியுமல்லவா?

* * *

கோட்டைக்குள் அவர் செய்தவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லலாம். 1928-இல் பாரதியாரின் பாடல் புத்தகங்கள் ராஜத்துவேஷமானவை என்று பர்மா சர்க்கார் உத்தரவு போட்டது. அதைப் பின்பற்றிச் சென்னையிலும் போலீஸார் புத்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள். கவி காலமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. எழுதினவர் உயிரோடு இருந்தால் சிறையில் தள்ளலாம். இல்லாதவருடைய பாட்டை என்ன செய்வது? மூட்டை கட்டிக் கொண்டு போனார்கள்!

அவ்வருஷம் அக்டோபரில் சத்தியமூர்த்தி சட்டசபையில் ஒத்திவைப்புப் பிரேரணை கொண்டு வந்தார். பிரேரணை மிகப் பெரும்பான்மையோரால் நிறைவேறியது. சர்க்காருக்கு அது பெரிய தலைகுனிவு. இன்று நம் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் பாரதி பாட்டை உரக்கப் பாடும்போது, அந்தப் பாட்டுகளுக்காக ஒரு சபையில் எழுந்து நின்று வாதாட வேண்டிய காலமும் ஒன்று இருந்தது என்பதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் ஒருவருடைய பெருமையைச் சொல்லும்போது குறையை மறைப்பது பத்திரிகை தர்மம் அல்ல. அதே சபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்க முயன்றபோது, அதற்கு எதிராக நின்றவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. ஸம்பிரதாயம், கலை, கோயில் என்றெல்லாம் அவர் கட்சி சொன்னார். தேச விடுதலைக்குச் சொன்ன நியாயம் பெண் விடுதலைக்கும் பொருந்தும் என்பது அவ்வளவு பெரிய வாதிக்கு அன்று தோன்றாமல் போயிற்று. அந்த விவாதத்தில் சரித்திரம் டாக்டர் அம்மையாரின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1947-இல் முழுச் சட்டமும் வந்துவிட்டது. நாவன்மை எல்லாச் சமயங்களிலும் நியாயத்தின் பக்கமே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அதற்காகத்தான் சபையில் எதிர்க்கட்சிக்கும் ஆசனம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

* * *

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. சட்டசபைக்காரர், மேடைப் பிரசங்கி, மிதவாதி என்றெல்லாம் அவரை ஏளனம் செய்தவர்கள், அவர் தேசியக் கொடியுடன் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலுக்குச் சென்று சிறை புகுந்ததைக் கண்டு வாய் அடைத்துப் போனார்கள்.

1934-இல் மத்திய சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. சென்னையில் ஜஸ்டிஸ் கட்சியின் பெருந்தலைவர்களில் ஒருவரான ஸ்ரீ ஏ. ராமசாமி முதலியாரை எதிர்த்து நின்று சத்தியமூர்த்தி ஜயித்தார். டில்லியில் ஸ்ரீ புலாபாய் தேசாய் காங்கிரஸ் கட்சியின் தலைவர்; சத்தியமூர்த்தி பின்னர் உபதலைவரானார்.

டில்லியில் அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது நீண்ட பிரசங்கம் அல்ல, கேள்வி. அதன் ரகசியத்தை நேயர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். சபையில் அங்கத்தினர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் கேள்விக்குச் சர்க்கார் தரப்பில் பதில் எழுதிக்கொண்டு வந்து வாசித்துவிடுவார்கள். அந்தப் பதிலைப் பதினைந்து குமாஸ்தாக்கள் சேர்ந்து, எதையும் சொல்லாமல் எல்லாம் சொன்னது போல் தயார் செய்திருப்பார்கள். ஆனால் அந்தப் பதிலிலிருந்து கிளம்பும் உபகேள்விக்கு யாரும் பதில் எழுதிக் கொடுக்க முடியாது. அங்கேதான் வெள்ளைக்கார மெம்பர்கள் சத்தியமூர்த்தியிடம் அகப்பட்டுக்கொண்டார்கள். ஒரு கேள்வி, அதன் வாலைப் பிடித்து இன்னொன்று, அதன் வாலைப் பிடித்து மற்றொன்று! கேள்வி நேரம் என்றாலே சர்க்கார் ஆசனங்களில் ஒரு கலக்கம் உண்டாகும்படி செய்துவிட்டார்.

பதவி இல்லை, படை இல்லை, உத்தரவு போடும் அதிகாரமும் இல்லை. சபையில் தோற்றாலும் வைஸ்ராய் தம் விசேஷ அதிகாரத்தால் நினைத்ததைச் செய்துகொள்ளலாம். அப்படிப்பட்ட சபையில் கேள்வி கேட்டு என்ன பயன் என்று வினவினவர்கள் பலர். தினந்தோறும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற பயம் ஒரு சர்க்காருக்கு வந்துவிட்டால், அதன் கௌரவத்தில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பயத்தை உண்டாக்கியதே பயன்.

* * *

இனி மனக்கஷ்டமான ஒரு விஷயத்துக்கு வருவோம்.

1936-இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார். விருதுநகரிலிருந்து வந்த ஸ்ரீ காமராஜரைக் காரியதரிசியாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாள் போன்ற நாடகக் கலைஞர்களைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வந்தவரும் அவரே. தாமும் சுகுண விலாச சபையின் நாடக மேடையில் வேஷம் கட்டினவர் அல்லவா? கலைஞர்களின் சக்தி அவருக்குத் தெரிந்திருந்தது. 1937 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159 காங்கிரஸுக்குக் கிடைத்தன.

சட்டசபைக்குப் போக வேண்டும், பதவி ஏற்க வேண்டும் என்று பதினான்கு வருஷம் ஓயாமல் வாதாடியவர் சத்தியமூர்த்தி. அவருக்கு உரியதென்று எல்லோரும் எண்ணியிருந்த சர்வகலாசாலைத் தொகுதியை ராஜாஜிக்காக விட்டுக் கொடுத்தார். ராஜாஜி பிரதம மந்திரியானார். மந்திரிகளின் ஜாபிதா வெளியாயிற்று. சத்தியமூர்த்தியின் பெயரை அதில் தேடினவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது!

இதற்குக் காரணம் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். அந்தப் பழைய பஞ்சாங்கத்தை இப்போது புரட்டுவதில் லாபம் இல்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பந்தி விசாரித்து இலை போட்டவரையே எழுந்து போகச் சொன்னதற்கு ஒப்பான இந்தக் காரியத்துக்குப் பிறகு அவர் என்ன செய்தார்? வேறு கட்சி ஆரம்பிக்கவில்லை. எதிரிகளோடு போய்ச் சேரவில்லை. டில்லிக்கு ரெயில் ஏறி, மறுபடியும் கேள்வி கேட்கத் தொடங்கினார். 1940-இல் காமராஜர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவரானபோது, தம்மிடம் காரியதரிசியாக இருந்தவரின் கீழ்த் தாமே காரியதரிசியாகப் பணி புரிய முன்வந்தார். பதவியில் ஏறுவதற்குப் பலருக்குத் தெரியும். இறங்குவதற்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

* * *

இப்போது திருவேற்காட்டு இளைஞன் கேட்ட ஒரு குடம் ஜலத்துக்கு வருவோம்.

1939-ஆம் வருஷக் கடைசியில் சத்தியமூர்த்தி சென்னை நகரத்தின் மேயரானார். மேயர் பதவி ஒரு வருஷத்துக்குத்தான். அங்கியும் சங்கிலியும் தரித்துக்கொண்டு விருந்துக்குப் போய் வருவதற்கு ஒரு வருஷம் போதும். வேறு எதற்கும் போதாது என்பது அந்நாளைய அபிப்பிராயம்.

நகரத்தில் அப்போது குடிநீர்ப் பஞ்சம். 1931-இல் சுமார் ஆறரை லட்சமாக இருந்த ஜனத்தொகை 1941-இல் ஏழே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. நகரத்துக்கு இருந்த பிரதான ஆதாரம் செங்குன்றம் ஏரி. கொசஸ்தலை ஆற்று ஜலத்தைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்து திருப்பிச் சோழவரம், செங்குன்றம் ஏரிகளில் நிரப்பி நகரத்துக்குக் கொண்டு வரும் ஏற்பாடு 1870-களிலேயே அமைந்தது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கொசஸ்தலை ஆறு பெருகி வரும்போது, ஏரிகளில் பிடித்ததுபோக மீதி எல்லாம் எண்ணூரில் கடலில் போய் விழுந்துவிடும். சித்திரை, வைகாசியில் ஜனங்கள் குழாயடியில் தவம் கிடப்பார்கள்.

இதற்குப் பரிகாரம் மேற்கே பூண்டியில் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி வெள்ள ஜலத்தைத் தேக்குவதுதான். பரிகாரம் தெரிந்தும் காரியம் நடப்பது எப்படி? அப்போதைய நிலைமையைப் பாருங்கள். ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டது. ஜனங்களைக் கேளாமலே இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டதைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரி சபை 1939 அக்டோபரில் ராஜினாமாச் செய்துவிட்டது. மாகாணத்தை ஆள்பவர் கவர்னர். இரும்பும் சிமெண்டும் யுத்தத்துக்கு வேண்டும். பணமும் யுத்தத்துக்கு வேண்டும். அந்தச் சமயத்தில் அணை கட்ட வேண்டும் என்று கேட்கிறவர், சர்க்காரை டில்லியில் தினந்தோறும் துளைத்து எடுத்த காங்கிரஸ்காரர்!

அவர் கேட்டார். விடாமல் கேட்டார். சபையில் உபகேள்வி கேட்ட அதே பிடிவாதத்துடன் ரிப்பன் மாளிகையிலிருந்தும் கேட்டார். யுத்தம் நடக்கிறது என்றால், யுத்த காலத்தில் ஜனங்களுக்குத் தாகம் எடுக்காதா? 1940-இல், அவர் மேயராக இருந்த அந்த ஒரே வருஷத்துக்குள், பூண்டியில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. சுமார் 65 லட்சம் ரூபாய்ச் செலவில் 1944-இல் அணை முடிந்தது. 257 கோடிக் கன அடிக்கு மேல் ஜலம் தேங்கும் பெரிய நீர்நிலை மேற்கே உருவாயிற்று.

அதைப் பார்க்க அவர் இல்லை. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஒரு முறை சிறை சென்று உடல் நலிந்திருந்தவரை, 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் மீண்டும் கைது செய்து அமராவதிச் சிறைக்குக் கொண்டு போனார்கள். அந்தப் பிரயாணத்தில் முதுகெலும்பில் பட்ட காயம் தீரவே இல்லை. 1943 மார்ச்சு 28-ஆம் தேதி சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் அவர் ஆவி பிரிந்தது. வயது ஐம்பத்தைந்து. சுதந்திரத்துக்கு இன்னும் நாலரை வருஷம் பாக்கி. பூண்டி அணைக்கு ஒரு வருஷம் பாக்கி.

1947 ஆகஸ்டு 15-ஆம் தேதி காமராஜர் முதலில் சென்று தேசியக் கொடி ஏற்றியது சத்தியமூர்த்தியின் இல்லத்தில்தான். சிஷ்யன் குருவுக்குச் செலுத்தக்கூடிய காணிக்கை அதைக் காட்டிலும் பெரிது என்ன இருக்கிறது?

* * *

பூண்டி ஏரி பிற்காலத்தில் உயர்த்தப்பட்டு, இப்போது அதன் கொள்ளளவு 323 கோடிக் கன அடி. 1983-இல் ஆந்திரத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கிருஷ்ணா நதி ஜலம் 1996-இல் கால்வாய் வழியாக வந்து சேர்ந்ததும் இதே பூண்டியில்தான். அங்கிருந்து செங்குன்றத்துக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போகிறது. எனவே, திருவேற்காட்டு லாரியில் வந்த ஜலத்தில் எத்தனை துளி பூண்டியில் தங்கி வந்தது என்று யார் சொல்ல முடியும்?

பூண்டிக்குப் பிறகு சென்னைக்கென்று புதிதாக ஒரு நீர்த்தேக்கம் கட்டி முடித்தது எப்போது தெரியுமா? 2020-இல், கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகையில். நடுவில் 76 வருஷங்கள்! அந்த 76 வருஷங்களில் எத்தனை தேர்தல்கள், எத்தனை மந்திரி சபைகள், எத்தனை மாலைகள்! சென்னையின் ஜனத்தொகை 2011-லேயே 46 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்த படங்களை உலகமெல்லாம் பார்த்தது. கடல் ஜலத்தைக் காய்ச்சாத குறையாகச் சுத்தி செய்து குடிக்கும் நிலைமைக்கு வந்துவிட்டோம். இதற்கிடையில் மேற்கே ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, திருவேற்காடு என்று ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் எல்லாம் வீடுகளாகிவிட்டன. கூவத்தின் நல்ல ஜலத்தை மேலே ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் செம்பரம்பாக்கத்துக்குத் திருப்பிக்கொள்கிறோம். அது நியாயமே, நகரத்துக்குத் தாகம் தீர வேண்டும். ஆனால் கீழே திருவேற்காட்டுப் பக்கம் வரும் ஆற்றுக்குப் பதிலுக்கு நாம் கொடுப்பது என்ன? சாக்கடை!

இந்தக் கேள்வியை யார் கேட்பது? அதற்கென்றுதான் ஊருக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறோம். அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயிருந்தாலும் பாதகமில்லை. கேள்வி நேரத்தில் அவர் எழுந்து நின்றாரா? பதில் வந்ததும் உட்கார்ந்துவிட்டாரா, அல்லது அந்தப் பதிலின் வாலைப் பிடித்தாரா? மந்திரி பதவி கிடைக்காவிட்டாலும் வேலையைத் தொடர்ந்து செய்தாரா? கையில் ஒரு வருஷமே இருந்தாலும் முப்பது வருஷத்துக்கு வேண்டிய காரியத்தைத் தொடங்கி வைத்தாரா? சத்தியமூர்த்தியின் வாழ்க்கை நம் கையில் கொடுத்திருக்கும் அளவுகோல் இவ்வளவுதான். அதை வைத்து அளப்பதற்குப் பண்டிதராயிருக்க வேண்டியதில்லை. வாக்குச் சீட்டு வைத்திருந்தால் போதும்.

பேச்சினால் ஜலம் வருமா என்று கேட்ட அந்த இளைஞனின் குடமும் இதற்குள் நிரம்பியிருந்தது. தோளில் தூக்கிக்கொண்டு இரண்டடி நடந்தவன், திரும்பிப் பார்த்து, "லாரி அடுத்த தடவை எப்போது வரும்?" என்று வண்டிக்காரரை விசாரித்தான். "தெரியாது" என்றார் வண்டிக்காரர். "தெரியாது என்றால், யாருக்குத் தெரியும்? அவர் எங்கே இருப்பார்?" என்று இளைஞன் குடத்தைக் கீழே இறக்கி வைத்தான்.

உபகேள்வி! நமக்குச் சற்று நம்பிக்கை பிறந்தது.